கடைசிப் பக்கத்து ஓவியமும் கணினி நிரலும்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிப் பள்ளிகளில் ஏழாம், எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முகத்தில் பாதியை அடைக்கும் கண்களும் முள்முள்ளாய் நிற்கும் தலைமுடியுமாக ஜப்பானிய அனிமே பாத்திரங்கள் அங்கே இருக்கும். டோரேமானும் ஷின்சானும் தமிழ் பேசிய தொலைக்காட்சிக் காலத்திலேயே தொடங்கிய ஆர்வம் இது. இப்போது செல்பேசிச் செயலியில் விரலால் வரைபவர்களும், ஸ்கிராட்ச்சில் அதை அசைய வைத்துப் பார்ப்பவர்களும் வகுப்புக்கு ஓரிருவர் இருக்கிறார்கள். பாடவேளையில் வரைந்தால் கண்டிக்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் கணக்கும் இருக்கிறது, நிரலாக்கமும் இருக்கிறது. அவற்றைப் பாடமாக்குவது எப்படி என்பதே இக்கட்டுரை.

முதலில் கணக்கு. திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் புதுப்படம் வரைந்தால் ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள் வேண்டும். ஒசாமு தெசூகா என்ற ஜப்பானிய ஓவியர் 1963 ஜனவரி 1 அன்று ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரைத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது வாரந்தோறும் அத்தனை படங்கள் வரையப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 8 படங்கள் போதும், நிமிடத்துக்கு 480. பாத்திரம் பேசும்போது வாயை மட்டும் மாற்றினார்கள். ஒருமுறை வரைந்த ஓட்டத்தையும் பறத்தலையும் சேமித்து வைத்து மற்றக் கதைகளிலும் பயன்படுத்தினார்கள். நிரலாளர் ‘ஒருமுறை எழுது, பலமுறை அழை’ என்று செய்வதும் இதைத்தான்.

இதை வகுப்பில் சொல்லி விளக்குவதைவிடச் செய்ய வைப்பது நல்லது. எங்கள் பகுதிக்குப் பொருத்தமான பாத்திரம் கூழைக்கடா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்கள் காணப்பட்டன. இப்பகுதிக் குழந்தைகளிடம் அந்தப் பறவையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

குழுவுக்கு ஐந்து சிறு தாள்கள் கொடுங்கள். முதல் தாளில் இறக்கை முழுவதும் கீழே. ஐந்தாவதில் முழுவதும் மேலே. நடுவில் மூன்று நிலைகள். உடல் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பிரதி எடுக்கச் சொன்னால் போதும். இப்போது கேள்வி: எட்டுப் படம் கொண்ட ஒரு சிறகடிப்புக்கு எத்தனை ஓவியம் வேண்டும்? எட்டு என்பார்கள். யாராவது ஒருவர், மேலே போன படங்களே கீழே இறங்கவும் உதவும் என்று கண்டுபிடிப்பார். 1, 2, 3, 4, 5, 4, 3, 2. மீண்டும் 1. ஐந்து ஓவியம், எட்டு நிலை, முடிவில்லாத சுழற்சி. அந்த ஒருவர் கண்டுபிடிக்கும்வரை ஆசிரியர் வாய் திறக்காமல் இருப்பதுதான் இதில் சிரமமான வேலை.

அடுத்து, எண்ணெய் படிந்த பறவையைக் காட்டச் சொல்லுங்கள். புதுப்படம் எதுவும் வரையக் கூடாது. வரிசையை மட்டும் மாற்றலாம், நேரத்தை மட்டும் மாற்றலாம். 1, 2, 3, 2, 1 என்று ஒரு குழு எழுதும். இன்னொரு குழு, மூன்றாம் படத்தை அதிக நேரம் நிறுத்தலாம் என்னும். இறக்கை மேலே போக முயன்று பாதியில் விழுவது அதே ஐந்து தாள்களிலிருந்தே வந்துவிடும். படம் மாறவில்லை, கட்டளை மாறியது, கதை மாறிவிட்டது. நிரல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆய்வகத்துக்குப் போகும்போது இந்த வரிசையே நிரலாகிறது. ஸ்கிராட்ச்சில் ஐந்து ஓவியங்களையும் ஒரே பாத்திரத்தின் ஐந்து காஸ்ட்யூம்களாக ஏற்றலாம். வினாடிக்கு எட்டுப் படம் என்றால் ஒவ்வொன்றும் நிற்க வேண்டிய நேரம் 1/8 வினாடி, அதாவது 0.125. தசமத்தை ‘எதற்கு சார் இது?’ என்று கேட்டவர்கள் இங்கே தாங்களாகவே வகுத்துப் பார்ப்பார்கள். கணினிகள் குறைவாக இருந்தாலும் கவலையில்லை. தாளில் வரிசை எழுதி முடித்த குழுவே கணினி முன் உட்காரலாம் என்று வைத்துக்கொண்டால் காத்திருக்கும் நேரம் வீணாகாது.

அனிமே பிடிக்காத பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. அவர்களுக்குக் கோலம் இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி கல்வெட்டு எழுத்து, சிந்துவெளிக் குறியீடு என்று பலவற்றில் ஈடுபாடு கொண்டவர். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்த கட்டுரை 1974இல் பன்னாட்டு ஆய்விதழில் வந்தது. அக்கல்லூரிக் குழுவின் பிந்தைய ஆய்வில், ஒரே கோட்டில் புள்ளிகளைச் சுற்றி வரும் கம்பிக் கோலம் ஏழு நகர்வுகளுக்குள் அடங்கிவிட்டது: நேராகச் செல்வது ஒன்று, வலப்புறம் மூன்று வகைத் திருப்பங்கள், இடப்புறம் மூன்று. வகுப்பில் ஒருவர் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்று நகர்வுகளை மட்டும் சொல்லட்டும்; இன்னொருவர் சொன்னதை மட்டும் வரையட்டும். கோலம் தவறும். எந்தக் கட்டளையில் தவறியது என்று இருவரும் பின்னோக்கித் தேடுவார்களே, அந்தத் தேடல்தான் நிரலாளரின் அன்றாட வேலை. பைத்தானில் உள்ள ‘ஆமை’ வரைகலையும் இதே முறையில்தான் இயங்குகிறது. வீட்டு வாசலில் அம்மாவும் ஆயாவும் போடும் கோலத்தை ஒரு பேராசிரியர் ஆராய்ந்தார் என்று கேட்டதும் சில மாணவிகளின் முகம் மாறுவதைக் கவனியுங்கள்.

ஆங்கிலக் கட்டளைச் சொற்களே தடையாக இருக்கும் மாணவர்களுக்கு ‘எழில்’ நிரல்மொழியைக் காட்டலாம். அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை தம் சொந்த ஆர்வத்தில் 2007 வாக்கில் தொடங்கிய முயற்சி இது. திரையில் காட்ட ‘பதிப்பி’, நிபந்தனைக்கு ‘ஆனால்’, ‘இல்லை’, முடிவுக்கு ‘முடி’ என்று எல்லாம் தமிழ். வேலைக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள். நேரடியாக உதவாது என்றே சொல்லிவிடலாம். கட்டளை என்பது என்ன என்று விளங்கிய பிள்ளைக்குப் பைத்தானின் ஆங்கிலச் சொற்கள் வெறும் சொற்களாகிவிடும்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும். 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் புகைப்படத்தைக் கொடுத்து ஜிப்ளி பாணி ஓவியமாக மாற்றுவது உலகமெங்கும் பரவியது. ‘ஒரு நிமிடத்தில் போனே வரையும்போது நாங்கள் எதற்கு மிஸ் ஐந்து தாள் வரையணும்?’ கேட்பவரை அடக்க வேண்டாம். அது நியாயமான கேள்வி. அவருடைய குழுவின் பறவையையே இயக்கிக் காட்டி, மூன்றாம் படம் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். ‘எண்ணெய் கனக்குது மிஸ்’ என்று சொல்வார். போன் வரைந்த படத்தில் அந்தக் கண் ஏன் அந்த அளவில் இருக்கிறது என்றும் அவரிடமே கேளுங்கள்.

இரண்டு நடைமுறைக் குறிப்புகள். எல்லா அனிமேயும் சிறுவர்களுக்கானதல்ல. பிள்ளைகள் சொல்லும் தொடரின் வயது வரம்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. மதிப்பெண் தரும்போது ஓவிய அழகுக்குத் தராமல், வரிசை எழுதிய தாளுக்கும் அதில் அடித்துத் திருத்திய இடங்களுக்கும் தாருங்கள். மூன்று பாடவேளைகள் போதும்: தாளுக்கு ஒன்று, கோலத்துக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று. தாள்களை நூலால் தைத்து வகுப்பு நூலகத்தில் வைத்தால் அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே ஐந்து படங்களுக்கு வேறு வரிசை எழுதிப் பார்க்கலாம்.