வேரைத் தேடுவோர் பக்கம்

கேள்வி: அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மன்காரரின் சந்ததியினர், முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார் என்பது வரை கண்டுபிடித்துவிடுகிறார்கள். நாங்கள் இராமேசுவரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தின் வழியை அப்படிக் காண முடியுமா?
– வாசகர் ஒருவர், உடப்பு

பதில்: அவர்களுக்கு வாய்த்தது ஒரு பயம். ஜெர்மன்காரர் கூட்டம் கூட்டமாக வந்திறங்குவதைக் கண்டு அஞ்சிய பென்சில்வேனியா அரசு, 1727 முதல் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களை பிலடெல்பியாவில் அரச விசுவாசச் சத்தியம் செய்து கையெழுத்திட வைத்தது. எழுதத் தெரியாதவரின் பெயரை எழுத்தர் தம் காதுக்கு எட்டியபடி எழுதினார். கப்பல்வாரியான அந்தப் பட்டியல்கள் 1934இல் நூலாகவும் வந்துவிட்டன. பாக்கு நீரிணையைக் கடந்த வள்ளங்களுக்கு அப்படிப் பட்டியல் போட்டவர் யார்?

ஒல்லாந்தர் எழுதிய தோம்புகள், அதாவது காணி, குடிப் பதிவேடுகள், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பகுதிகளுக்குரியவை. அவர்களுடைய தேவாலயப் பதிவேடுகளில் இந்துக் குடும்பங்களைத் தேடிப் பயனில்லை. அங்கே தொடங்கிப் பஸ் காசை வீணாக்காதீர்கள்.

உங்களிடமிருந்தே பின்னோக்கிப் போங்கள். அப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பாட்டனாரின் விவாகப் பதிவு, பூட்டனாரின் மரணப் பதிவு. பதிவுச் சட்டம் 1867இல் வந்தது. நல்வாய்ப்பிருந்தால் அதுவரை எட்டலாம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயர்தான் கயிறு. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கத்தால் இருவர் ஒருவராகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே மனைவி பெயரையும் சேர்த்துக் குறியுங்கள். பெண்வழியை விட்டவர்கள்தாம் பாதியில் நிற்கிறார்கள்.

உடப்பில் இன்னொரு தடம் கரைவலைப் பாடு, அதாவது வலை இழுக்கும் கரையிடம். வலைக்கும் பாட்டுக்கும் யார் யார் பங்காளிகள், பங்கு எந்த வழியில் கைமாறியது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். பழைய காணி உறுதி வீட்டுப் பெட்டியில் கிடந்தால் கவனமாக வாசியுங்கள். எல்லை சொல்லும் இடத்தில் அயல் காணிக்காரரின் பெயரும் இருக்கும், அவர் உறவினராகவே இருக்கலாம். திரௌபதை அம்மன் கோயிலில் உங்கள் வீட்டாருக்குப் பரம்பரைப் பொறுப்பு ஏதும் இருந்தால் அதையும் எழுதிவையுங்கள்.

இராமேசுவரக் கதை ஊர் முழுவதற்கும் பொதுவானது; உங்கள் பூட்டனாரும் அப்படித்தான் வந்தார் என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. வேறொரு கரையிலிருந்து வந்து இங்கே பெண் கட்டிக் குடியேறியவராகவும் அவர் இருக்கலாம். குலதெய்வத்தின் பெயரோ, அக்கரையிலுள்ள ஓர் ஊரின் பெயரோ கைக்குக் கிடைத்த பிறகு பாம்பன் பக்கம் போய் விசாரியுங்கள்.