ஜிப் கோப்பு முழுதாக வந்ததா?

கிரிவலப் பாதையின் எட்டு இலிங்கங்களையும் எட்டுக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். அடி அண்ணாமலை மாணவர்கள் அங்குள்ள மரங்கள், குளங்கள், கடைகள் பற்றிக் குறிப்பெடுத்து, படங்களுடன் ஜிப் கோப்பாக்கி ஆய்வகச் சேவையகத்துக்கு அனுப்பினார்கள். பெற்றுச் சேமிக்கும் பைத்தான் நிரலைப் பன்னிரண்டாம் வகுப்பினர் எழுதியிருந்தனர். ஏழு கோப்புகள் திறந்தன. வாயு இலிங்கக் குழுவின் கோப்பு திறக்கவில்லை. ஒரு வார உழைப்பு! அதையே பாடமாக்கினோம்.

முதலில், சுருக்குவது ஏன்? ‘அண்ணாமலை’ என்று கரும்பலகையில் எழுதினேன். நமக்கு அது 5 எழுத்து. யூனிகோடில் 8 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 24 பைட். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், ‘முன்பு வந்ததே’ என்று சுருக்கமாகக் குறித்துக்கொள்கிறது ஜிப். அதனால் உரை நன்றாகச் சுருங்கும். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை; அவை அதிகம் சுருங்குவதில்லை.

அடுத்து, கோப்பு ஏன் திறக்கவில்லை? அனுப்பிய அளவையும் சேமித்த அளவையும் மாணவர்கள் ஒப்பிட்டனர். வந்தது குறைவு, இணைப்பு நடுவில் அறுந்திருந்தது. ஜிப் கோப்பின் பொருளடக்கம் கடைசியில்தான் இருக்கும். வால் அறுந்தால், உள்ளே இருப்பதைக் காட்டப் பட்டியல் இல்லை.

பிறகு மாணவர்களே நிரலுக்கு ஐந்து விதிகள் வகுத்தனர்:

1. ‘டபிள்யூபி’ எனும் இரும முறையிலேயே எழுத வேண்டும். உரை முறையில் பைட்டுகளை எழுதப் பைத்தான் மறுக்கும். சி மொழியிலோ விண்டோஸ் கணினியில் 10 என்ற பைட்டுக்கு முன் 13 நுழைந்து கோப்பைக் கெடுத்துவிடும்.

2. தற்காலிகப் பெயரில் சேமித்து, அளவு சரியாக இருந்தால் மட்டுமே உரிய பெயர் தர வேண்டும்.

3. முதல் இரு பைட்டுகள் ‘பி’, ‘கே’ என உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். 1989இல் ஜிப் வடிவத்தை உருவாக்கிய பில் கட்ஸின் முதலெழுத்துகள் அவை.

4. ஒவ்வொரு உள்கோப்புக்கும் ஜிப் வைத்திருக்கும் சிஆர்சி-32 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட வேண்டும்.

5. அனுப்புபவர் தரும் பெயரை அப்படியே ஏற்காமல், சேவையகமே பெயரிட வேண்டும். பெயருக்குள் கோப்புறைப் பாதையை ஒளித்து, வேறு கோப்பின் மேல் எழுதிவிட முடியும்.

படங்கள் ஒரு மாணவியின் அப்பாவுடைய கைபேசியில் அழியாமல் இருந்ததால் அந்தக் குழு மீண்டும் அனுப்பியது. ‘சரிபார்த்தாயிற்று’ என்று சேவையகம் சொல்லும்வரை மூலப்படத்தை அழிக்கக் கூடாது என்பதை ஆறாவது விதியாக அந்த மாணவியே சேர்த்தாள்.

உங்கள் வகுப்பில் ஒரு ஜிப் கோப்பின் நகலெடுத்து, கடைசிப் பகுதியை வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். விளக்கம் மாணவர்களிடமிருந்தே வரும்.