மழையில் கன்று ஈனும் மாடுகள்: இப்போதே செய்ய வேண்டியவை

பந்தலூர் வட்டாரக் கறவை மாடு வளர்ப்போருக்கு – ஜூன், ஜூலை

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் தேவாலா, சேரம்பாடி பக்கம் இரவில் மருத்துவர் வந்து சேர்வது எளிதல்ல. மண்சரிவும் யானை நடமாட்டமும் வழியை மறிக்கும். ஆகவே கன்று ஈன்றபின் மாடு படுத்துவிடாமல் காப்பதுதான் முதல் வேலை. அதற்கான காலம், ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம்.

சினை ஊசி போட்ட தேதியை இன்றே பாருங்கள். அதிலிருந்து சுமார் 280 நாளில் கன்று ஈனும்.

ஈனும் முன்

• 60 நாள் முன்பே பால் வற்றச் செய்யுங்கள்.

• கடைசி மூன்று வாரம் கால்சியம் டானிக்கோ சுண்ணாம்புத் தூளோ வேண்டாம். தீவனத்தில் கால்சியம் மிகுந்தால், எலும்பிலிருந்து அதை எடுக்கும் திறன் மந்தமாகிவிடும். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராம் கால்சியத்துக்கு மேல் வெளியேறுகிறது. மாட்டின் ரத்தத்தில் ஓடுவதோ மொத்தம் சில கிராம்தான். எலும்பு உடனே கொடுக்காவிட்டால் மாடு விழுந்துவிடும்.

• சாணக் கரைசல் அதிகம் பாய்ந்த நேப்பியர் புல்லைக் குறையுங்கள். அதிலுள்ள பொட்டாசியமானது மக்னீசியம் உடம்பில் சேர்வதைத் தடுக்கும்; மக்னீசியம் குறைந்தால் எலும்பிலிருந்து கால்சியம் எடுப்பதும் மந்தமாகும்.

• மழைப்புல்லில் தண்ணீரே அதிகம். நனையாத வைக்கோலும் சேர்த்துக் கொடுங்கள். அடர்தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். மாடு கொழுக்கக் கூடாது.

ஈன்ற பின்

• அன்றிலிருந்து தினமும் சுமார் 50 கிராம் தாது உப்புக் கலவையை அடர்தீவனத்தில் கலந்து கொடுங்கள்.

• மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட மாடுகளையும் ஜெர்சி கலப்பினங்களையும் முதல் மூன்று நாள் கூர்ந்து கவனியுங்கள். தள்ளாட்டம் தெரிந்தால் பொழுது சாயும் முன்பே மருத்துவரை அழையுங்கள்.

• அடுத்த சில வாரங்களில் அடர்தீவனத்தை ஒதுக்கி, மெலிந்து, பாலும் குறைந்தால் அது தீவன ஆற்றல் போதாமல் வரும் கீட்டோசிஸ் நோயாக இருக்கலாம். மூச்சில் இனிப்பு கலந்த வாடையும் வீசக்கூடும்.

• சிறுநீர் சிவந்தால் பாஸ்பரஸ் குறைவோ உண்ணிக் காய்ச்சலோ பெரணி மேய்ந்த நஞ்சோ காரணமாகலாம். பரிசோதனை செய்யாமல் மருந்து கொடுக்காதீர்கள்.

மாடு படுத்துவிட்டால்

காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக் கிடந்தால் அது ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சல். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றவே ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். இருபுறமும் வைக்கோல் மூட்டை அண்டைகொடுத்து, மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி வையுங்கள். உடனே 1962 எண்ணுக்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ பேசுங்கள். கால்சியத்தை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும் என்பதால் மருத்துவரே அதைச் செய்யட்டும். சீக்கிரம் ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும்.