பையின் வேகமும் துளையின் விளிம்பும்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்தவர்கள், பக்கத்து வீட்டுப் புல்தரையில் சாய்வாக வைத்த இரண்டு மரப்பலகைகளையும் அவற்றை நோக்கித் துணிப்பைகளை வீசுகிறவர்களையும் கவனித்திருக்கலாம். கார்ன்ஹோல் என்று பெயர். ஒரு கையில் பீர், மறு கையில் பை என்று பொழுதுபோக்காக ஆடப்பட்டதுதான். 2015இல் தொடங்கிய அமெரிக்கன் கார்ன்ஹோல் லீக் அதை இஎஸ்பிஎன் தொலைக்காட்சிவரை கொண்டுபோய்விட்டது. போட்டி முற்ற முற்ற, பையைப் பற்றிய கதைகளும் பெருகிவிட்டன.

விதிகள் எளிமையானவை. பலகை 4 அடி நீளம், 2 அடி அகலம். அதன் பின்விளிம்பு தரையிலிருந்து 12 அங்குலம் உயர்ந்திருக்கும். மேற்பகுதியில் 6 அங்குல விட்டத்தில் ஒரு துளை. இரு பலகைகளின் முன்விளிம்புகளுக்கும் இடையே 27 அடி. ஆளுக்கு நான்கு பைகள். ஒவ்வொன்றும் 6 அங்குலச் சதுரம், எடை ஏறக்குறைய 16 அவுன்ஸ், அதாவது 450 கிராம் சொச்சம். துளைக்குள் விழுந்தால் 3 புள்ளி, பலகைமேல் நின்றால் 1. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் புள்ளியிலிருந்து மற்றவர் புள்ளியைக் கழித்து, மிஞ்சியது மட்டும் சேரும். 21ஐத் தொட்டவர் வென்றார்.

“வேக எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும்.”

கடைக்காரர்கள் அதிகம் பரப்பும் நம்பிக்கை இதுதான். போட்டிப் பைகளுக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு பக்கம் சூவேட் போன்ற சொரசொரப்பான துணி. பலகையைப் பிடித்து நிற்கும். மறுபக்கம் வழவழப்பான பாலியெஸ்டர் நெசவு, வழுக்கிக்கொண்டு போகும். இவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் ஒன்று முதல் பத்துவரை எண் கொடுக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் 7 இன்னொரு நிறுவனத்தின் 5ஆக இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு பைகளை ஒப்பிட அந்த எண் உதவும், அவ்வளவுதான்.

அப்படியே எண் சரியாக இருந்தாலும் வழுக்குவது பை மட்டுமா? பலகையின் பூச்சு, அதன் வயது, காற்றின் ஈரம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. புழுக்கமான நாளில் பவுடர் தூவாத கேரம் போர்டில் ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரக்காற்றில் திறந்த வெளியில் நடக்கும் ஆட்டத்தில் திணறி நிற்கும் பை, சூடேற்றிய உலர்ந்த அரங்கில் துளையைத் தாண்டிப் பலகையின் பின்னால் போய் விழும். ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளைத் தூக்கிக்கொண்டு போவது ஆடம்பரத்துக்காக அல்ல.

உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தையே அல்ல; துளையின் விளிம்பில் பை என்ன செய்கிறது என்பதை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் எட்டரை அங்குலம். துளையோ 6 அங்குல வட்டம். விறைப்பான சதுரம் அதற்குள் போகவே போகாது, மூலைகள் தட்டும். பை மடிந்து, தளர்ந்து, உள்ளிருக்கும் குருணை ஒரு பக்கமாகச் சரிந்தால்தான் உள்ளே இறங்கும். தேர்ந்த இருவர் மோதும்போது இருவருமே நான்கு பைகளையும் உள்ளே போட்டு, 12க்கு 12 கழிந்து, சுற்று சுழியத்தில் முடிவது அடிக்கடி நடக்கும். அங்கே பாதி உடம்பைத் துளைக்குமேல் தொங்கவிட்டு நிற்கும் ஒரே பைதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். இரண்டு புள்ளி வித்தியாசம். வாங்குவதற்குமுன் பையைத் துளையின் விளிம்பில் பாதிக்குமேல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, விரலால் இலேசாகத் தள்ளிப் பாருங்கள். சில பைகள் தயங்காமல் இறங்கும். சில பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். எந்த எண்ணும் சொல்லாத சேதி அது.

அதற்காகக் கந்தல் துணிபோலத் துவண்ட பைதான் சிறந்தது என்றும் முடிவுகட்ட வேண்டாம். மிகவும் தளர்ந்த பை விழுந்த இடத்திலேயே பரவி, எதிராளியின் பையைத் தள்ளும் வலுவை இழந்துவிடும்.

“வெல்ல வேண்டுமானால் வேகப் பக்கம், மெதுவான பக்கம் கற்றுக்குட்டிகளுக்கு.”

அரை உண்மை. சுழற்சி இல்லாமல் உயரத் தூக்கிப் போடும் புதியவருக்கு மெதுவான பக்கம் கைகொடுக்கிறது என்பது சரி. ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர்தான் அதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார். துளைக்கு நேர்முன்னே ஒரு பையை நிறுத்திவிட்டால் எதிராளியின் வழி அடைபடும். அவர் அதைத் தாண்டி நேராகத் துளைக்குள் போட வேண்டும். இந்த வீச்சை ஏர்மெயில் என்பார்கள். அல்லது தடுப்பைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தள்ளினால் தடுத்து நின்ற பையும் உள்ளே விழுந்து, தடுப்பைப் போட்டவருக்கே 3 புள்ளி கிடைத்துவிடும் அபாயம் உண்டு. தடுக்கும் பை எவ்வளவு அழுத்தமாகப் பிடித்து நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் காசு கொடுத்து வாங்கத் தக்கது. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம் என்றால், நான்கு பையில் ஒரு பைக்கான உத்திதான் இருக்கிறது என்று அர்த்தம்.

“கனமான பை தூரம் வழுக்கும்.”

வழுக்காது. எடை கூடினால் பலகைமீது அழுத்தம் கூடும், உராய்வும் அதே விகிதத்தில் கூடும். கணக்கில் எடை அடிபட்டுப் போகும். ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில் இறங்கும் இரண்டு பைகளில் எது தூரம் போகும் என்பதைத் துணியின் உராய்வே முடிவு செய்கிறது. மோதலில் எடைக்குப் பங்குண்டு என்பது உண்மை. ஆனால் விதி அனுமதிக்கும் சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு யாரும் பெரிதாக எதையும் தள்ளிவிட முடியாது. எடையில் கவனிக்க வேண்டியது ஒன்றே: நான்கு பையும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பது. சமையலறைத் தராசே போதும்.

“சோளம் அடைத்ததுதான் அசல்.”

பழைய பை கித்தான் துணியில் சோளம் அடைத்ததுதான், மறுக்கவில்லை. சோளம் நொறுங்கும், தூளாகித் துணிவழியே கசியும், ஈரத்தைக் குடித்துக் கனக்கும், பூச்சி பிடிக்கும். இன்று போட்டிப் பைகளில் பிளாஸ்டிக் ரெசின் குருணைதான். வீட்டு முற்றத்தில் சோளம் இருந்துவிட்டுப் போகட்டும்.

“லீகின் முத்திரை இருக்கிறது, கவலை இல்லை.”

2022இல் தென் கரோலினாவின் ராக் ஹில்லில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், இரட்டையர் ஆட்டமொன்றில் ஓர் அணியின் பைகள் அளவு குறைந்தவை என்று எதிரணி புகார் செய்தது. அளந்தார்கள், உண்மைதான். உடனே புகார் செய்தவர்களின் பைகளையும் அளக்கச் சொன்னார்கள். அவையும் விதிக்குள் வரவில்லை! கடைசியில் இரு தரப்பும் அதே பைகளோடு ஆட்டத்தைத் தொடர அனுமதித்தார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னல்வரை போன கதை இது.

இதில் வியக்க ஒன்றுமில்லை என்பேன். புதுப் பை விறைப்பாக இருக்கும். அதைப் பழக்க ஆட்டக்காரர்கள் ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டுத் துவைப்பார்கள், டிரையரில் சுழற்றுவார்கள். துணி மென்மையாகும், துளையில் சுலபமாக இறங்கும். கூடவே சுருங்கவும் செய்யும். லீகின் முத்திரை அந்த வகைப் பைக்குக் கொடுத்த ஒப்புதல். பத்து முறை துவைத்த பின் உங்கள் கையில் இருக்கும் பைக்கு அல்ல. அளவுகோலை எடுக்க வேண்டிய நேரம் வாங்கும் அன்றைவிட, துவைத்துக் காயவைத்த மறுநாள்தான்.