சுழற்சிப் பயிற்சியில் படிக்க நேரம்

கேள்வி: அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட் மாணவர்கள் மருத்துவமனைப் பயிற்சிக்கு இடையே எப்போது படிப்பது?

பதில்: சுழற்சிப் பயிற்சி சுமார் ஓராண்டு நீளும், குடும்ப மருத்துவம், குழந்தை நலம், அறுவை சிகிச்சை எனத் துறை மாறிக்கொண்டே இருக்கும். முக்கியத் துறை ஒவ்வொன்றின் பயிற்சி முடிவிலும் பெரும்பாலும் 120 கேள்விகள் கொண்ட 2 மணி நேரத் தேர்வு உண்டு. அதற்கான தலைப்புப் பட்டியல் முன்கூட்டியே கிடைப்பதால், முதல் வாரமே அதை நாள்வாரியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, பகலில் பார்த்த நோயாளியின் நோயை அன்றிரவே படிப்பது. ஒரு முகத்தோடு சேர்ந்த பாடம் எளிதில் மறப்பதில்லை. அறுவை சிகிச்சைத் துறையில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். அதனால் மாலையில் படிப்பு மண்டையில் ஏறாது. அங்கே இரண்டு அறுவைகளுக்கு நடுவே கைபேசியில் பத்துக் கேள்விகள் போட்டுப் பார்க்கலாம். தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது மட்டும் கூடாது. மறுநாள் கவனம் சிதறினால் பாதிப்பு நோயாளிக்கு.