லாத்தூரிலும் கச்சிலும் வீடுகள் எழுந்த விதம்

இயற்கையின் சீற்றத்தால் வீடிழந்த குடியானவர்களுக்குக் கூரை அமைத்துத் தருவதில் அரசாங்கம் தாமதிக்கலாகாது என்பதில் இரு கருத்து இல்லை. ஆயினும் விரைவு என்பதை எவ்வாறு அளப்பது? கட்டடம் முடிந்த நாளைக் கொண்டா, குடும்பத்தார் அதில் மனமொப்பிக் குடியிருக்கத் தொடங்கிய நாளைக் கொண்டா? மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் நடைபெற்ற புனர்நிர்மாண வேலைகளை அருகருகே வைத்து நோக்குவோமானால் இவ்வினா தெளிவுபடும்.

1993 செப்டம்பர் 30 அன்று விடியுமுன், விநாயகர் விழா முடிந்து மக்கள் அயர்ந்து உறங்கிய வேளையில், லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியும் சுற்றுப்புறக் கிராமங்களும் நிலநடுக்கத்தால் தரைமட்டமாயின. மண்சாந்தில் கருங்கற்களை அடுக்கிய கனத்த சுவர்களும், மர உத்தரங்களின்மேல் பரப்பிய மண்கூரைகளுமே உறங்கியோர்மீது சரிந்தன. பெரிதும் அழிந்த 52 கிராமங்களைப் புதிய இடங்களுக்கு மாற்ற அரசாங்கம் முடிவு செய்தது. நிலமற்றோருக்கு 250 சதுர அடி, சிறு நிலமுடையோருக்கு 400, பெரு நிலமுடையோருக்கு 750 என வீடுகள் வகுக்கப்பட்டன. இடிந்து கிடந்த ஊரிலும் பழைய ஏற்றத்தாழ்வு தவறாமல் அளந்து காக்கப்பட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது! நகரத்து மனைப்பிரிவு போன்ற நேர்வீதிகளில் அவ்வீடுகள் எழுந்தன. சுவர் சூழ்ந்த முற்றமும், உறவின் முறையார் ஒட்டி வாழ்ந்த சந்துகளும் அங்கு இல்லை. குடிவந்தோர் பலர் பின்னர்த் தாமே மதிலெழுப்பியும் கொட்டகை கூட்டியும் அவற்றைத் தமக்கேற்றவாறு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதே திட்டத்தின் மற்றொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 13 மாவட்டங்களில் பழுதுற்ற ஏறத்தாழ 2 இலட்சம் வீடுகளை உடையவர்களே செப்பனிடப் பணம் தரப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்களில் உள்ளூர்ப் பெண்கள் 'சம்வாத சகாயகர்'களாக, அதாவது செய்தித் துணைவர்களாக, அமர்த்தப்பட்டனர். எவ்வளவு உதவி உண்டு, அதை எங்ஙனம் பெறுவது, சுவரை எங்ஙனம் வலுப்படுத்துவது என்பவற்றை அவர்கள் வீடுவீடாகச் சென்று விளக்கினர். பொறியாளர் சொல்வதைக் குடும்பத்துப் பெண்களும், அவர்களுடைய குறையைப் பொறியாளரும் அறிய இவர்களே வழியாயினர்.

2001 ஜனவரி 26 அன்று கச்சுப் பகுதி குலுங்கியபோது இந்த இரண்டாவது முறையே பெரும்பாலும் மேற்கொள்ளப்பட்டது. ஊரை விட்டுப் பெயர மக்கள் விரும்பவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். மாநில அரசு பேரிடர் மேலாண்மைக்கென ஓர் ஆணையத்தைச் சில நாட்களுக்குள் அமைத்தது. உதவித்தொகை வங்கிக் கணக்கில் நூற்றுக்கு 40, 40, 20 என்ற விகிதத்தில் மூன்று தவணையாகச் செலுத்தப்பட்டது. முதல் தவணை வேலை தொடங்குவதற்கு. அடுத்தவை, கட்டுமானம் உரிய நிலையை எட்டி, நிலநடுக்கத்தைத் தாங்கும் பட்டைகளும் கம்பிகளும் முறைப்படி வைக்கப்பட்டுள்ளனவா என்று பொறியாளர் பார்த்துச் சான்று தந்த பின்னரே. சிமெண்ட் சலுகை விலையில் கிடைத்தது. கொத்தனார்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 2 இலட்சம் வீடுகள் புதிதாக எழுந்தன. 9 இலட்சம் வீடுகள் வரை செப்பனிடப்பட்டன. சான்றுக்காகக் காத்திருப்பது தாமதமெனத் தோன்றலாம். ஆனால் அந்நிபந்தனை இல்லாதிருந்தால், விழுந்த வீட்டைப் போலவே மற்றொன்றைக் கட்டிவிட்டுப் பணம் தீர்ந்தது என்றிருப்பார்கள்.

இம்முறையிலும் இடர் இல்லாமற் போகவில்லை. பணம் வீட்டின் உரிமையாளருக்கே என்பதால், பூஜ் நகரத்தில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள் நெடுநாள் தவித்தனர். கிராமங்களிலும் பட்டாவோ பத்திரமோ இல்லாதவர்கள் தமது உரிமையை மெய்ப்பிக்க அலுவலகந்தோறும் அலைய நேர்ந்தது. இத்தகையோரின் பட்டியலை முதல் தவணைக்கு முன்னரே பஞ்சாயத்தின் துணையுடன் எடுத்துவிட வேண்டும் என்று கருதுகிறோம். கணக்கெடுப்பு முடிந்தபின் அவர்களைத் தேடுவது மிகக் கடினம்.