எல்ஃப் இனத்தாரின் பெயர் மரபு

கேள்வி: டோல்கீனின் கதைகளில் எல்ஃப் இனத்தார் ஒருவருக்கே பல பெயர்கள் வழங்குவது ஏன்?

பதில்: மொழியறிஞராகிய ஜே.ஆர்.ஆர். டோல்கீன், தாம் படைத்த குவென்யா மொழியைப் பேசும் எல்ஃப் இனத்தாருக்கு வகுத்த மரபின்படி, பிறந்த குழந்தைக்குத் தந்தை 'அதரெஸ்ஸே' எனும் தந்தைப்பெயரைச் சூட்டுவார். 'அமிலெஸ்ஸே' எனும் தாய்ப்பெயர் பின்னரே வருமாயினும், பிள்ளையின் இயல்பையோ வருங்காலத்தையோ தாய் முன்னுணர்ந்து இடுவதும் உண்டென்பதால் அதற்குப் பெருமதிப்பு இருந்தது. எடுத்துக்காட்டாக, கூருஃபின்வே எனத் தந்தை பெயரிட்ட மகனுக்குத் தாய் மீரியெல் இட்ட, நெருப்பின் ஆவி எனப் பொருள்படும் ஃபெயனாரோ என்பதே ஃபெயனோர் எனத் திரிந்து நிலைத்தது. பிறர் வழங்கும் சிறப்புப்பெயர் 'எபெஸ்ஸே' ஆகும். கலாத்ரியெல் எனும் எல்ஃப் பெண்ணின் பெயர் அவ்வகையினது. இம்மரபு, ஆசிரியரின் மறைவுக்குப் பின் 1993-இல் வெளியான 'மோர்காத்தின் மோதிரம்' தொகுதியில் விரிவாக உள்ளது.